உங்கள் வீட்டில் பால் பொங்கிவிட்டது

திருநெல்வேலி டவுண்,
1993 மாசி, வெள்ளிக்கிழமை இரவு.

மேன்மைமிகு பாபநாசம் மாமா அவர்களுக்கு,

மருமகள் வேணி வணங்கி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உடம்பால் நலம். அங்கே நாக்பூரில் நீங்களும் அத்தையும் குழந்தையும் நலமாக இருக்க நெல்லையப்பரையும் காந்திமதி அம்மனையும் வேண்டிக்கொள்கிறேன். ஆரஞ்சுப் பழம் நிறையக் கிடைக்கிறதா? உடம்பின் நலத்தை எழுதிவிட்டேன். மனத்தின் நலத்தை இனிமேல்தான் எழுத வேண்டும். அத்தையிடம் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

இதை அடுப்படியில், சாமி படத்துக்கு முன்னால் எரியும் சின்னச் சிவப்பு பல்பின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பாவின் குறட்டை கேட்கும்வரை எழுதுவேன். அது நின்றால் நானும் நிறுத்திவிடுவேன். ஆகையால் எங்கேயாவது வாக்கியம் பாதியில் நின்றிருந்தால் அப்பா புரண்டு படுத்தார் என்று கொள்ளவும். இந்தக் கடிதத்தைப் பல இரவுகளாக எழுத முயன்று, முகவரியை எழுதி முடிப்பதற்குள் தூங்கிப்போனேன். கனவில் முழுதும் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அதனால் காலையில் நிம்மதியாக இருக்கும். பள்ளிக்கூடம் போகிற வழியில்தான் போடவில்லை என்று நினைவு வரும்.

மாமா, உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது.

திருடர்கள் இல்லை, பேய் இல்லை. நீங்கள் வீட்டைப் பூட்டிச் சாவிக் கொத்தை அப்பாவிடம் கொடுத்தபோது செவ்வாயும் வெள்ளியும் விளக்கேற்றும் வேலையை எனக்குக் கொடுத்தீர்கள். நானும் தவறாமல் போனேன். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குள் போனால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஜன்னல் இடுக்கு வழியாக வெயில் ஒரு கோலாக வந்து தரையில் ஊன்றி நிற்கும். அதற்குள் தூசி பைய ஏறி இறங்கும். சுவரில் காதை வைத்தால் ஆறு ஓடுகிற சத்தம் கேட்கும். ஆறு குறுக்குத்துறையில் இருக்கிறது, இங்கே எப்படிக் கேட்கும் என்பார் அப்பா. எனக்குக் கேட்கும். வீடு யாரையோ எதிர்பார்த்துத் தூங்காமல் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பதுபோல எனக்குத் தோன்றும்.

என் வகுப்பில் தங்கத்தாய் என்று ஒருத்தி. அவளுக்கு அப்பா கிடையாது, அம்மா ஆறுமுகத்தாய் மட்டும்தான். ஆற்றங்கரையில் அவர்களுக்கு ஓட்டு வீடு இருந்தது. போன நவம்பர் வெள்ளத்தில் ஆறு அதை ஒரே காலையில் எடுத்துக்கொண்டு போய்விட்டது. போகும்போது கதவு திறந்து திறந்து மூடிக்கொண்டே போனதாம். வீடுதான் அவர்களை வழியனுப்பியது போல இருந்ததாம். பிறகு அவர்களை எங்கள் பள்ளிக்கூடத்தில், அதுவும் எங்கள் வகுப்பில் தங்கவைத்தார்கள். தங்கத்தாய் படுத்தது என் பெஞ்சுக்குக் கீழே. பள்ளிக்கூடம் திறந்த அன்று நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம், அவள் அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார். தங்கத்தாய் மட்டும் போகவும் இல்லை, வரவும் இல்லை, இருந்த இடத்திலேயே இருந்தாள். முதல் மணி அடித்ததும் என் காதில், "இன்னையோட வீடு காலிட்டி" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அவர்கள் ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் இருந்தார்கள்.

ஆறுமுகத்தாய் அத்தைக்குத் தையல் நன்றாக வரும். ஆனால் வீடு கேட்டுப் போனால், "என்ன வேல பாக்க?" என்று கேட்கிறார்கள். வேலை கேட்டுப் போனால், "எங்கன குடியிருக்க?" என்று கேட்கிறார்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் அத்தை நான்கு ரத வீதியையும் தினமும் சுற்றி வந்தார். தேர்கூட வருடத்துக்கு ஒருமுறைதான் சுற்றுகிறது, மாமா.

தை மாதத்தில் ஒருநாள் அம்மாவின் சேலைக்கு ஓரத்துணி வாங்க ஹபீப் முகம்மது அண்ணாச்சி கடைக்குப் போனேன். உள்பாவாடைத் துணியை வெட்டிக் கட்டுக் கட்டாக வீடுகளுக்குக் கொடுத்துத் தைத்து வாங்குகிறவர் அவர். நம்பிக்கையான ஆளுக்கு மெஷினும் கொடுப்பார். அங்கே ஆறுமுகத்தாய் அத்தை தைத்துக் காட்டிய துணியை அண்ணாச்சி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தையல் சுத்தமா இருக்கு தாயி. துணியும் தாரேன், மெஷினும் தாரேன். வீடு எங்கன?"

அத்தை ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார்.

"கல்மண்டபத்துல வச்சா தைக்கப் போற? ஒரு மழ பெஞ்சா மெஷினோட எம் பொழப்பும்லா நனையும்?"

"எங்க மாமா வீட்டுல இருக்காங்க" என்று ஒரு குரல் கேட்டது. யாரென்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை. என் குரல்தான்.

"பாபநாசம் பிள்ளைவாள் வீடா? அத முதல்ல சொல்லாண்டாமா! சாயங்காலமே வண்டியில ஏத்தி அனுப்புதேன்" என்றார் அண்ணாச்சி.

மெஷின் வீட்டைத் தேடிப் புறப்படுவதற்குள் வீடு வேண்டுமே. ஓடிப்போய்க் கொத்திலிருந்து புறவாசல் சாவியை மட்டும் கழற்றினேன். கழற்றும்போது மற்ற சாவிகள் எல்லாம் என்னைக் காட்டிக்கொடுப்பதுபோலக் கலகலவென்று சத்தம் போட்டன. யாருக்கும் தெரியாமல் பின்பக்கச் சந்து வழியாக அவர்களை உள்ளே விட்டுவிடலாம் என்பது என் திட்டம். ஆறுமுகத்தாய் அத்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"பால் காய்ச்சாம ஒரு வீட்டுல நான் காலெடுத்து வைக்க மாட்டேம்மா."

"அரை டம்ளர் போதும் அத்தை, சத்தமில்லாம காய்ச்சிருவோம்."

"சத்தமில்லாம எப்பிடிக் காய்ச்ச? பொங்கி வழியணும்லா! போன வீட்டுல எம் மாமியாருக்கு மேலுக்கு முடியலன்னு அவசரமாக் குடிபோனோம், பால் காய்ச்சல. ஆத்தோட போச்சு."

ஓடிப்போய் ஒரு செம்பு நிறையப் பால் வாங்கி வந்தேன். பால் பொங்கியது, மாமா. இருட்டாகக் கிடந்த உங்கள் அடுப்படியில் அந்த வெள்ளை நுரை பைய எழும்பி, விளிம்பில் ஒரு நொடி யோசித்து, நான்கு பக்கமும் வழிந்ததைப் பார்த்தபோது வீடு கண்ணைத் திறந்துவிட்டது என்று நினைத்தேன். பயமெல்லாம் மறந்துபோய் நின்றேன். வழிந்த பால் அடுப்பில் கருகுகிற வாசனை மதிலைத் தாண்டிப் போயிருக்கிறது. பக்கத்து வீட்டு அன்னத்தாய் பெரியம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"ஏட்டி வேணி, யாரு பால் காய்ச்சுதா? உங்க மாமா வீட்டுக்கு ஆள் வந்துட்டா? ஒரு வார்த்த சொல்லாண்டாமா, கள்ளி!"

ஒளிந்துகொள்ள நான் இடம் தேடினேன். ஆறுமுகத்தாய் அத்தையோ, பால் காய்ச்சினால் தெருவுக்குக் கொடுக்காமல் இருக்கலாமா என்று சர்க்கரை போட்டு வீடு வீடாகக் கொடுக்கப் புறப்பட்டுவிட்டார். அப்பா ஆபீஸிலிருந்து சைக்கிளில் வந்தார். அன்னத்தாய் பெரியம்மா நடுத்தெருவில் நிறுத்தி ஒரு டம்ளரைக் கொடுத்தார். வெயிலில் வந்தவர் மடமடவென்று குடித்துவிட்டு, "யாரு வீட்டு விசேசம்?" என்று கேட்டார்.

"உங்க மச்சினன் வீட்டுக்குத்தான் ஆள் குடிவந்துட்டே. ஒண்ணுந் தெரியாதவுக மாதிரி கேக்கீகளே?"

அங்கே ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் நேரே போய் யார் நீங்கள் என்று கேட்டிருப்பார்கள். ஆனால் அப்பா பாலைக் குடித்துவிட்டார். ஒரு வீட்டின் பால்காய்ச்சுப் பாலைக் குடித்துவிட்டு அந்த வீட்டாரை வெளியே போ என்று எந்த வாயால் சொல்வது? ஆகையால் கோபம் முழுதும் உங்கள் மேல் திரும்பியது. முன்வாசல் சாவி ஆணியில் அப்படியே தொங்குகிறது. அப்படியென்றால் நீங்கள் வேறு சாவி கொடுத்து, அப்பாவை ஒரு பொருட்டாக மதிக்காமல் ஆள் வைத்திருக்கிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டார்.

"ஏளா, உன் தம்பிக்கு நான் வெறும் காவக்காரனா?" என்றார் அம்மாவிடம்.

"எங்கிட்டயும் சொல்லலையே" என்று அம்மா அழுதாள்.

அன்றே அப்பா உங்களுக்குக் கடிதம் எழுதினார். நீர் ஆள் வைத்தீரா இல்லையா, இல்லை என்றால் போலீஸில் சொல்லிக் காலிசெய்ய வைக்கப் போகிறேன் என்று எழுதியதை அம்மாவுக்கு உரக்கப் படித்தும் காட்டினார். நான் கணக்குப் புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு கேட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொன்று நடந்தது. உங்கள் கல்யாணப் படம் முன்னறைச் சுவரில் இருக்கிறது அல்லவா? நீங்கள் சம்மதித்துவிட்டதாக நான் சொன்னதை நம்பி, இருக்க இடம் தந்த புண்ணியவான் என்று ஆறுமுகத்தாய் அத்தை அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, மல்லிகைச் சரம் சாத்தி, ஊதுபத்தியும் கொளுத்திவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்த அன்னத்தாய் பெரியம்மா தலைவிரி கோலமாக எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். அம்மா அப்படியே தரையில் சாய்ந்துவிட்டாள். அப்பா, "அந்தப் பயலுக்கு அப்பிடி ஒரு கடுதாசி போட்டேனே!" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர், மாமா, உங்களுக்காக. நான் போய் ஆறுமுகத்தாய் அத்தையிடம் கேட்டு, நன்றிக்குப் போட்ட மாலை என்று சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. உடனே அப்பாவின் கோபம் இரட்டிப்பாகிவிட்டது. "உசுரோட இருந்துக்கிட்டுத்தான் இன்னும் பதில் போடாம இருக்கானா!"

எனக்கு இப்போதெல்லாம் ஒரே கனவு வருகிறது. உங்கள் வீடு ஆற்றில் மிதந்து போகிறது. ஆனால் யாருக்கும் பயம் இல்லை. உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. தைத்த பாவாடைகள் கூரைமேல் கொடியில் கப்பல் பாய்போலக் காற்றில் உப்பி வீட்டை இழுத்துக்கொண்டு போகின்றன. கரை நெடுக ஊர்க்காரர்கள் டம்ளரோடு நிற்கிறார்கள். தங்கத்தாய் ஜன்னலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். கடல் வரும்போது அப்பா கரையிலிருந்து, "சாவி யாரு கொடுத்தா?" என்று கத்துவார். விழித்துக்கொள்வேன். விழித்த பிறகும் மெஷின் சத்தம் கேட்கும். அது நிஜம். அத்தை விடியற்காலையிலேயே தைக்கத் தொடங்கிவிடுவார். மழை பெய்வதுபோல இருக்கும். யாரையும் நனைக்காத மழை.

மாமா, நீங்கள் "நான் வைக்கவில்லை" என்று ஒரு வரி எழுதினால் வீடு போகும். வீடு போனால் அண்ணாச்சி மெஷினைத் திரும்ப எடுத்துக்கொள்வார். மறுபடியும் ரத வீதிதான், அந்த இரண்டு கேள்விகள்தான். வாடகை என்னவென்று நீங்கள் சொல்ல வேண்டுமாம், சும்மா இருந்தால் ஆறுமுகத்தாய் அத்தைக்குத் தூக்கம் வராதாம். ஆகையால் ஒரே ஒரு பொய், ஒரு சின்னப் பொய், "ஆமாம், நான்தான் வைத்தேன்" என்று அப்பாவுக்கு எழுதிவிடுங்கள். பாவம் முழுதும் எனக்கே வரட்டும் என்று சாமி படத்துக்கு முன்னாலேயே எழுதிக்கொடுக்கிறேன். என் பெயரை மட்டும் சொல்ல வேண்டாம். அப்பா என்னை அடிக்க மாட்டார், பேசாமல் இருந்துவிடுவார். அதை என்னால் தாங்க முடியா

(அப்பா புரண்டு படுத்தார். இப்போது சரி.)

அத்தைக்கு என் வணக்கம், குழந்தைக்கு முத்தம், நாக்பூரில் இருக்கிற எல்லாச் சாமிகளுக்கும் என் கும்பிடு. உங்கள் வீட்டு விளக்கு இப்போது தினமும் எரிகிறது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள, ஆனால் சொல்லாமல் செய்துவிட்ட மருமகள்,
வேணி

பின்குறிப்பு: சனிக்கிழமை மத்தியானம். இதைத் தபாலில் போடப் புறப்பட்டேன், வாசலில் தபால்காரர் உங்கள் கடிதத்தோடு நிற்கிறார். அப்பா உரக்கப் படித்தார். "அத்தான் மன்னிக்கணும், ஆள் வைத்தது நான்தான், நல்ல குடும்பம், எனக்கு நெடுநாள் பழக்கம்" என்று நான் கேட்பதற்கு முன்பே எழுதிவிட்டீர்களே! அம்மா என்னிடம், "எந்தம்பி அப்பிடித்தான். உங்கப்பா சத்தம் போட்டா செய்யாததயும் செஞ்சேன்னு சொல்லிருவான்" என்றாள். மன்னிப்புக் கேட்டுவிட்டீர்கள் என்று அப்பாவுக்கு ஏக சந்தோஷம். நேரே உங்கள் வீட்டுக்குப் போய், "குழாய் ஒழுகுதா, ஓடு மாத்தணுமா?" என்று விசாரித்து, இப்போது ஏணிமேல் நிற்கிறார். ஆகையால் மேலே நான் எழுதிய எதுவும் நடக்கவே இல்லை, படித்ததும் கிழித்துவிடவும். எப்படிப் பழக்கம் என்று மட்டும் அப்பா ஏணிமேல் நின்றுகொண்டு கேட்டார். நீங்கள் காலேஜில் படிக்கும்போது ஆறுமுகத்தாய் அத்தைதான் உங்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார் என்று நான் சொல்லிவிட்டேன். உங்களையும் கேட்டு எழுதுவார். நீலச் சட்டை, மாமா. முழுக்கை.