மூட்டத்தாரும் மூன்று நாள் வெயிலும்

என் வாழ்க்கையில் நான் அதிகம் திட்டிய மனிதர் மூட்டத்தார்தான். என் மனைவிக்கே இரண்டாவது இடம்தான். முப்பது வருடம் ஆகப்போகிறது, நினைத்தால் இன்னும் காது சூடாகிறது.

தொண்ணூறுகளில் வெள்ளகோவிலில் ஒரு கொப்பரைக் களத்தில் எனக்கு மேற்பார்வை வேலை. உடைத்த தேங்காயைச் சிமெண்ட் தரையில் பரப்பி வெயிலில் காயவைப்போம். நனைந்தாலும் போச்சு, காற்றில்லாமல் மூடிவைத்தாலும் போச்சு, பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும். மழை வந்தால் படுதா போட்டு மூடுவது மூட்டத்தாரின் வேலை. மழை வரும்வரை காத்திருக்கிற பொறுமைதான் அந்த ஆளுக்குக் கிடையாது. எந்நேரமும் "மூட்டம் போடுதுங்க" என்பார், அதனால் மூட்டத்தார். சொந்தப் பெயரை முதலாளியே மறந்துவிட்டார்.

"மேனேஜருங்க, தட்டான் முட்டி உசரத்துல பறக்குதுங்க. மூடிப்போடட்டுங்களா?"

நான் மேனேஜரும் இல்லை, தட்டான் மழைக்காகப் பறக்கவும் இல்லை. நாய் மண்ணைப் பறித்துப் படுத்தால் மழை. நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினால் மழை. எதிர்வீட்டு எருமை வானத்தைப் பார்த்து மூக்கை உறிஞ்சினால் கனமழை. எருமைக்குச் சளி என்று அதன் சொந்தக்காரரே வந்து சொன்னார். கேட்டால்தானே!

ஒருமுறை தங்கை வீட்டு விசேஷத்துக்குச் சிங்காநல்லூர் போய்விட்டு மூன்று நாள் கழித்துத் திரும்பினேன். மண்டையைப் பிளக்கிற வெயில். களம் முழுக்கப் படுதா.

"ஏனுங்ணா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"எறும்பு சாரைசாரையா முட்டையத் தூக்கிட்டுச் செவுத்துல ஏறுதுங்க. பெருமழை வருமுங்க. நீங்க போன அன்னைக்கே மூடிப்போட்டேன்."

குனிந்து பார்த்தேன். எறும்பு தூக்கிக்கொண்டு போனது முட்டை இல்லை. எங்கள் கொப்பரைத் துணுக்கு!

படுதாவைத் தூக்கினால் குப்பென்று நாற்றம். காயெல்லாம் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். முதலாளி வந்து பார்த்தார். மூட்டத்தாரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, என்னைத்தான் பிடித்தார். "இன்னொருக்கா களம் கெட்டுச்சுன்னா நீங்க ஊட்டுக்குப் போயிருங்க."

என் வயிற்றில் அடித்த ஆளை நான் சும்மா விடுவேனா? "இனிமேல் மழைன்னு வாயத் தொறந்தீங்கன்னா நான் மனுசனா இருக்க மாட்டேனுங்க!" என்று கத்தினேன். எங்கள் ஊரில் எவ்வளவு ஆத்திரத்தில் திட்டினாலும் கடைசியில் ஒரு 'ங்க' வந்து தொலைக்கிறது.

பத்து நாள் அவர் மழையைப் பற்றிப் பேசவே இல்லை. தட்டான் பறக்கும். என்னைப் பார்ப்பார், படுதாவைப் பார்ப்பார், தொண்டையைச் செருமுவார். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பதினோராம் நாள் புதுக் காய் பரப்பியிருந்தோம். "இன்னைக்கு ஒரு சொட்டு வராதுங்க. படுதாவத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, கடைவீதி எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், வெளியூர் போயிருந்த முதலாளிக்குப் போன் போட்டேன். "வெயில் சும்மா கொளுத்துதுங்க" என்று சொல்லி வாய் மூடவில்லை, பூத்தின் தகரக் கூரையில் தடதடவென்று சத்தம்.

"அதென்ன சத்தம்?"

"லாரி போகுதுங்க" என்று போனை வைத்துவிட்டு ஓடினேன். வேலை போச்சு என்று வழியெல்லாம் அழுகையாக வந்தது.

களத்தில் ஒரு காய்கூட நனையவில்லை. மொத்தமும் படுதாவுக்குள். காற்று தூக்கியடித்த மூலையில், கல் போதாமல், மூட்டத்தாரே ஏறி உட்கார்ந்து சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தார். கொடியில் கிடந்த அவருடைய ஒரே மாற்று வேட்டியும் நனைந்துகொண்டிருந்தது.

"தொடாதீங்கன்னு சொன்னனுங்களே! எதப் பார்த்து மூடுனீங்க? எறும்பையா?"

"இல்லீங்க. நீங்க வராதுன்னு அத்தன உறுதியாச் சொன்னீங்கல்லோ, அப்பவே மூடிப்போட்டேனுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. திட்டிக்கொண்டே அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்தக் காற்றுக்கு ஒரு ஆள் கனம் போதாது.

இப்போது மழை வருமா என்று செல்போனே சொல்கிறது. தப்பாகத்தான் சொல்கிறது. ஆனால் அதைத் திட்டினால் எனக்கு ஆசை தீர மாட்டேன் என்கிறது, மூட்டத்தாரே.