ஐந்து ஸ்பீக்கரும் ஒரு தீர்ப்பும்

தரைக்கு அடியிலிருந்து டொக், டொக், டொக் என்று மூன்று தட்டு கேட்டபோது சர்வேயர் சோபாவுக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தார். வாயில் ஒரு ஒயர், கையில் ஒரு ஒயர். எது எதற்கு ஜோடி என்பதுதான் அப்போது அவருடைய கவலை.

"ஏங்க, கீழே தட்டறாங்க" என்றாள் மனைவி.

அவருக்கும் கேட்டது. சரியாக அவருடைய வயிற்றுக்கு நேர் கீழேதான் தட்டினார்கள்.

கீழே குடியிருப்பவர் வீட்டுக்கார அம்மா. அதிகம் பேசமாட்டார். வாசலில் செருப்பு கோணலாகக் கிடந்தால் அதை ஒரு பார்வை பார்ப்பார். செருப்பே வெட்கப்பட்டு நேராகிவிடும் போலிருக்கும். வாடகை ஒப்பந்தம் அடுத்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பதும் புதுப்பிக்காததும் அந்த அம்மாவின் கையில்.

சர்வேயருக்கோ இந்த வீட்டை விட மனசில்லை. இரண்டு பக்கமும் ஜன்னல். மனைவியின் ஆபீசுக்கு நடந்தே போய்விடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இருபத்தாறு வருடமாக அடுத்தவர் வீட்டையும் நிலத்தையும் அளந்து அளந்து அலுத்துப்போனவருக்கு, நாலு மூலையும் சரியாக இருந்து கண்ணில் பட்ட ஒரே வீடு இதுதான்.

இந்தத் தட்டுக்கெல்லாம் மூல காரணம் மாமனார். கூடவே இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். தினமும் மாலை ஏழரைக்கு ஒரு கோர்ட் தொடர் பார்ப்பார். அவருக்காக டிவியின் சத்தத்தை இரண்டு வருடமாக உச்சத்தில் வைத்திருந்தார்கள். அப்படியும் அவர், "என்ன சொன்னான்?" என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்பார். அதை விளக்கிச் சொல்வதற்குள் அடுத்த வசனம் போய்விடும். சத்தம் பெரிதாக இருந்தால் போதாது, தெளிவாக இருக்கவேண்டும். ஹோம் தியேட்டர் என்றால் பேச்சுக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கரே உண்டு என்று ஆபீசில் யாரோ சொல்ல, சர்வேயருக்கு ஆசை வந்துவிட்டது.

ஐந்து ஸ்பீக்கர், கூடவே உறுமுவதற்கென்று ஒரு பெரிய கறுப்புப் பெட்டி. பொருத்தித் தர ஆள் அனுப்புகிறோம் என்று கடைக்காரர் சொன்னபோது சர்வேயர் சிரித்துவிட்டார். ஊர் எல்லையையே அளந்து கல் நட்டவனுக்கு ஹாலில் ஐந்து பெட்டி வைக்க ஆள் எதற்கு என்பது அவர் கட்சி.

ஸ்பீக்கர்கள் எல்லாம் உட்காருபவரின் காதிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கவேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தது. டேப்பை எடுத்து மாமனாரின் காதிலிருந்து அளக்க ஆரம்பித்தார். மாமனார் தலையைத் திருப்பும்போதெல்லாம் கணக்கு மாறியது. கடைசியில் சோபா ஹாலின் நட்டநடுவுக்கு வந்து சேர்ந்தது. சமையலறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதைப் பிரதட்சிணம் செய்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று ஆயிற்று.

ஏழரைக்குப் போட்டார்கள். இடி இடித்தது. கதவு படாரென்று சாத்தியது. முப்பது வயலின் சேர்ந்து அழுதன. ஆனால் ஒருவர் பேசுவதும் கேட்கவில்லை. வக்கீல் கையை ஆட்டி ஆட்டி வாயசைத்தார், அவ்வளவுதான். அப்போதுதான் சர்வேயர் ஒயரைத் தேடி சோபாவுக்குப் பின்னால் போனதும், கீழே தட்டியதும்.

சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார். மறுபடியும் டொக், டொக், டொக். இன்னும் குறைத்தார். தட்டு இன்னும் பலமாக வந்தது. டிவியை அணைத்துவிட்டு, மூவரும் சாப்பிட்டோம் என்று பேர் பண்ணிவிட்டுப் படுத்தார்கள்.

மறுநாள் கடைக்குப் போன் போட்டதில், நடு ஸ்பீக்கரின் ஒயரை வேறெதிலோ செருகியிருப்பது தெரிந்தது. அதைச் சரி செய்தார். அந்தக் கறுப்புப் பெட்டி தரையில் இருப்பதால்தான் கீழே அதிர்கிறது என்று முடிவு கட்டி, அதைத் தூக்கித் தன் மெத்தைமேல் வைத்து, மெத்தையை ஹாலுக்கு இழுத்து வந்தார். இனிமேல் அவர் படுக்கை வெறும் பாய்தான்.

இந்தத் தடவை பேச்சு வந்தது. ஆனால் வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே வந்தது. ரிமோட்டில் குரலைத் தாமதப்படுத்த வசதி இருந்தது. தாமதப்படுத்தினார். கொஞ்சம் அதிகமாகிவிட்டது போல. வக்கீலின் அதட்டல் சாட்சியின் வாயிலிருந்தும், சாட்சியின் அழுகை நீதிபதியின் வாயிலிருந்தும் வர ஆரம்பித்தது.

"நீதிபதி எதுக்கு மாப்பிள்ளை அழறார்?" என்று கேட்டார் மாமனார்.

பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து தட்டு. இந்த முறை மூன்றோடு நிற்கவில்லை.

மனைவி ஒரு கம்பெனியில் புகார்ப் பிரிவில் போன் எடுப்பவள். நாள் முழுக்கக் கோபக்காரர்களைக் குளிர வைப்பதுதான் அவள் தொழில். காலையில் தானே போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தாள். முகம் சரியில்லை.

"என்ன சொன்னாங்க?"

"உங்கள் சிரமம் புரிகிறதுன்னு ஆரம்பிச்சேன். அந்தம்மா என்னை மேலும் கீழுமா பார்த்துட்டு, 'புதுசா ஏதோ வாங்கியிருக்கீங்க போல. பழசே நல்லா இருந்துச்சு'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க."

இந்தக் குத்தலுக்கு என்ன அர்த்தம் என்று இருவரும் காபி ஆறும்வரை ஆராய்ந்தார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்பதைத்தான் நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார் என்று மனைவி நினைத்தாள். நாகரிகம் எங்கே இருந்தது என்று சர்வேயர் கேட்டார்.

அன்று மாலை அவர் போர்முறையை மாற்றினார். வீட்டிலிருந்த போர்வை, ஜமுக்காளம், பழைய திரைச்சீலை எல்லாவற்றையும் தரையில் விரித்தார். ஜன்னல் எல்லாம் அடைத்து இடுக்குகளில் துண்டைச் செருகினார். தாமதத்தையும் ஒருவழியாகச் சரி செய்துவிட்டார். வாயும் வார்த்தையும் ஒன்றாயின. மூவரும் வியர்த்து ஊற்ற உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும் என்கிற சத்தத்தில் தொடரைப் பார்த்தார்கள். மாமனார் பழையபடி நிமிடத்துக்கு ஒரு தரம், "என்ன சொன்னான்?" என்றார். ஒவ்வொரு முறையும் கீழே தட்டினார்கள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக சர்வேயருக்கு ஒரு அளவு பிடிபடவில்லை. சத்தம் குறையக் குறையத் தட்டு கூடுகிறது. இது எந்தக் கணக்கிலும் சேராத கணக்கு.

"எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடலாமா?" என்றாள் மனைவி.

நாளைக்குத் தீர்ப்பு ஆயிற்றே என்றார் மாமனார். தொடரில் அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டுக்காக எட்டு மாதமாக வழக்காடிக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பு மறுநாள். அதைப் பார்க்காமல் விட்டால் எட்டு மாதமும் வீண்.

சர்வேயர் மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனார். ஒயர் இல்லாத ஹெட்போன் மூன்று வாங்கி வந்தார். ஸ்பீக்கர் ஐந்தின் வாயையும் அடைத்தார். இனி ஒரு ஊசி விழும் சத்தம்கூடக் கீழே போகாது.

ஏழரைக்கு மூவரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அடடா, அது என்ன சுகம். நீதிபதி காகிதத்தைப் புரட்டுவதுகூடக் காதுக்குள் சரசரத்தது. சர்வேயர் ஓரக்கண்ணால் மாமனாரைப் பார்த்தார். மாமனார் ஐந்து நிமிடமாக ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு. எல்லாம் புரிகிறவர்களுக்கு வருகிற சிரிப்பு அது. மனைவி சர்வேயரின் கையை ஒரு தடவை அழுத்தினாள். அளந்து வைத்த சோபா, மெத்தை போன படுக்கை, வியர்வை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு அழுத்தம் போதும் என்று சர்வேயருக்குத் தோன்றியது.

நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார். தீர்ப்பை வாசிக்க ஆரம்பித்தார்.

அப்போது சோபா ஆடியது.

சர்வேயர் ஹெட்போனைக் கழற்றினார். கீழே ஒருவர் அல்ல, இரண்டு பேர் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கம்பால், ஒருவர் வேறெதாலோ. விளம்பர இடைவேளையே இல்லாத தட்டு.

மனைவியும் கழற்றினாள். "நாம மூச்சுகூட விடலையேங்க?"

"கால். காலை ஆட்டறோம் போல. மேலே தூக்கு."

மூவரும் காலைத் தூக்கி சோபாமேல் வைத்துக்கொண்டார்கள். மாமனார் எதற்கென்று கேட்காமலேயே, திரையிலிருந்து கண் எடுக்காமல் தூக்கினார். தட்டு நிற்கவில்லை. தீர்ப்பு முடிந்து, தொடர் முடிந்து, பெயர்கள் ஓடும்போதுதான் நின்றது. அதற்குப் பிறகு வந்த நிசப்தம் இன்னும் மோசமாக இருந்தது. ஏனென்றால் அதில் மாடிப்படி ஏறுகிற காலடி கேட்டது.

கதவைத் திறந்தால், வீட்டுக்கார அம்மாவின் கணவர் நின்றிருந்தார். மெலிந்த, சாதுவான மனிதர். மூன்று வருடத்தில் அவர் மாடிக்கு வந்ததே கிடையாது. ஒரு கையில் மடித்த வெள்ளைத்தாள், மறு கையில் பேனா. சர்வேயர் உடனே கணக்குப் போட்டுவிட்டார். இது வீட்டைக் காலி செய்யச் சொல்கிற காகிதம், கையெழுத்துக்குத்தான் பேனா.

உள்ளே வந்தவர் தரையெல்லாம் போர்வையும், மெத்தைமேல் கறுப்புப் பெட்டியும், நடுஹாலில் சோபாவுமாக இருந்த கோலத்தை, மரியாதைக்காகப் பார்க்காதது போல் இருந்தார்.

சர்வேயர் அவரைப் பேசவே விடவில்லை. தப்பு முழுக்கத் தன்னுடையது என்றார். நாளைக்கே எல்லாவற்றையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். டிவியே வேண்டாம், செய்தித்தாள் போதும் என்றும் சொன்னார். மனைவி, தங்கள் புகார் உடனடியாகக் கவனிக்கப்படும் என்றாள்.

வந்தவர் தாளை விரித்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"திருப்பியெல்லாம் குடுத்துடாதீங்க சார், கொஞ்சம் சத்தமா வைங்க, அது போதும், எங்க டிவியில ஒரு வருஷமா படம் மட்டும்தான் வருது, பேச்செல்லாம் உங்க வீட்டுலேருந்துதான் கேட்டுட்டிருந்தோம், இப்ப ஜட்ஜ் என்ன தீர்ப்பு சொன்னார்னு எழுதிக்கிட்டு வராம அவ என்னை வீட்டுக்குள்ள விடமாட்டேன்னுட்டா."