கிட்டாரின் மேல் ஐயர் கை வைத்த ஞாயிறு

பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைக்கு ஒரு வேலையும் கிடையாது. கொடுத்த கேசரியைத் தின்றுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். மாப்பிள்ளை பார்க்க அவர்கள் வருகிறார்கள் என்றால்தான் ஆபத்து. அதுவும் எங்களைப் போன்ற பழைய மிஷன் சபைக் குடும்பங்களில் பெண் வீட்டார் நேராக வீட்டுக்கு வரமாட்டார்கள். ஏதோ அந்தப் பக்கம் வந்தவர்கள் போல ஞாயிறு ஆராதனைக்கு வந்து உட்கார்ந்துகொள்வார்கள். பையன் ஜெபத்தில் கண்ணை மூடுகிறானா, இல்லை காணிக்கைப் பையைக் கண்டால்தான் மூடுகிறானா என்று கவனித்துவிட்டுப் போவார்கள்.

சித்தூரிலிருந்து கிரேஸ் வீட்டார் அப்படித்தான் எங்கள் புத்தூருக்கு வந்தார்கள். கிரேஸின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து, வேலைக்காக நான் தங்கியிருந்த திருப்பதி ரூமில் சரியாகச் சாப்பிடவில்லை (பொய் சொல்வானேன், சாப்பிட்டேன், ருசிதான் தெரியவில்லை). இந்த இடம் தவறினால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தேன். ஒரே சிக்கல், அவளுடைய அப்பா சித்தூர் சபையில் பாடகர் குழு நடத்துகிறவர். சுருதி விலகியதற்காகச் சொந்தத் தம்பியையே குழுவிலிருந்து அனுப்பியவர் என்று கேள்வி.

எங்கள் சபையில் கிட்டார் வாசிக்கிறவன் நான். பழைய கிட்டாரையே வாசித்துத் தொலைத்திருக்கலாம். என் கெட்ட நேரம், திருப்பதியில் ஒருவரிடம் ட்ரெமலோ பிரிட்ஜ் வைத்த எலெக்ட்ரிக் கிட்டார் விலைக்கு வந்தது. பிரிட்ஜ் என்பது கம்பிகள் வந்து முடிகிற இரும்புத் தகடு. சாதாரண கிட்டாரில் அது அசையாது. இதில் அந்தரத்தில் நிற்கும். முன்னால் ஆறு கம்பிகள் இழுக்க, கிட்டாரின் முதுகுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் பின்னால் இழுக்க, இரண்டும் சமமானால் தகடு மட்டமாக நிற்கும். அதில் ஒரு கைப்பிடி இருக்கும். ஆட்டினால் சத்தம் குழைந்து நடுங்கும். பாட்டின் கடைசியில் அந்த நடுக்கத்தை ஒருமுறை கொடுத்தால் கிரேஸ் மயங்கிவிடுவாள் என்பது என் கணக்கு.

சனிக்கிழமை காலையில் பழைய கம்பிகளை ஒரே மூச்சில் கழற்றினேன். ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. எதிர்ப்பக்கம் இழுக்க ஆளில்லாததால் ஸ்பிரிங்குகள் தகட்டைக் குழிக்குள் சாய்த்துவிட்டன. புதுக் கம்பிகளைப் போட்டு ஒன்றைச் சுருதி சேர்த்தால் மற்ற ஐந்தும் இறங்கும். அந்த ஐந்தையும் ஏற்றினால் முதலில் சேர்த்தது இறங்கும் (கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகளுக்கு மட்டும் புடவை எடுத்த கதைதான்). முதுகு மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் திருகுகளை முறுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தேன். நைனா (அப்பாவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்) எட்டிப் பார்த்தார்.

“பாட்டு வாசிக்கிற சாமானா இது? மோட்டாரு ரிப்பேரு மாதிரி பிரிச்சிப் போட்டுக்கினு கீற” என்றார்.

சாயங்காலம் ஒருவழியாகத் தகடு மட்டத்துக்கு வந்தது. தும்மினால்கூடச் சாய்ந்துவிடுமோ என்று பயந்து, கிட்டாரைக் கட்டிலில் இரண்டு தலையணைகளுக்கு நடுவில் கிடத்தினேன். நான் கீழே பாயில் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் வரிசையில் கிரேஸ், அவள் அம்மா, அப்பா. எங்கள் சபையில் புதிதாக எதை வாங்கினாலும் கை வைத்து ஜெபிக்காமல் பயன்படுத்துவதில்லை. பைக் என்றால் சீட்டில் கை, மிக்ஸி என்றால் மூடியில் கை. நைனா நல்லது செய்வதாக நினைத்து சபைப் போதகர் ஐயரிடம் கிட்டாரைப் பற்றிச் சொல்லிவைத்திருந்தார். ஐயர் என்னை முன்னால் கூப்பிட்டார். கிட்டாரை மாட்டிக்கொண்டு போய் நின்றேன். அவர் கண்ணை மூடி, வலது கையை நீட்டி, இவ்வளவு பெரிய கிட்டாரில் வேறு இடமே இல்லாததுபோல அந்தத் தகட்டின் பின்விளிம்பில் வைத்தார்.

எங்கள் ஐயர் கை வைத்தால் பாரம் தெரிகிற மாதிரி வைப்பார். ஜெபம் உருக உருகக் கை அழுந்தியது. தகட்டின் பின்பக்கம் அழுந்தினால் கம்பிகள் இறுகும். அது எனக்குத் தெரியும். சொல்ல வாயும் இருந்தது. ஆனால் ஜெபத்தின் நடுவில் ஐயரைப் பார்த்துக் கையை எடுங்கள் என்று சொன்ன ஒருத்தன் எங்கள் சபையில் இதுவரை பிறந்ததில்லை. அரைக் கண்ணைத் திறந்து கிரேஸைப் பார்த்தேன். அவளும் கண்ணை மூடவில்லை. என் முகத்தையும் ஐயரின் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அமையப்போகும் குடும்ப வாழ்க்கைக்காக ஐயர் ஜெபிக்க ஆரம்பித்த நேரத்தில் மெல்லிய கம்பி ‘டொய்ங்’ என்று அறுந்து அவர் அங்கியில் போய்ச் சிக்கியது. ஐயர் பாதி ஜெபத்திலேயே ஆமென் சொல்லிவிட்டார். சபையும் சொன்னது.

ஒரு கம்பி போனதும் ஸ்பிரிங்குகளின் கை ஓங்கி, மீதி ஐந்தும் சுருதி ஏறிவிட்டன. பாட்டு தொடங்கியது. கீபோர்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆண்கள் என்னோடு வந்தார்கள். பெண்கள் கீபோர்டோடு போனார்கள். கிரேஸின் அப்பா பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். போன மானத்தை எப்படியாவது மீட்டுவிடலாம் என்று கடைசி அடியில் கைப்பிடியை மேலே இழுத்தேன். உள்ளே தொய்ந்த ஸ்பிரிங் ஒன்று கொக்கியைவிட்டு நழுவி (முதுகு மூடியை மாட்ட மறந்திருந்தேன்), கீழே விழுந்து உருண்டு, கிரேஸின் அப்பா காலருகே போய் நின்றது.

ஆராதனை முடிந்ததும் அவர் அந்த ஸ்பிரிங்கை என் உள்ளங்கையில் வைத்து, இது உங்களுடையதா பாருங்கள் தம்பி என்றார். அவ்வளவுதான். டீகூடக் குடிக்காமல் மூன்று பேரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நைனா தோளைத் தட்டி, “பர்வாலேதுடா, வேற எடம் பாக்கலாம்” என்றார். எனக்கு வேறு இடம் வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரமே அவர்களிடமிருந்து சம்மதம் என்று போன் வந்தது. நைனா ஆள் மாறிப் போன் செய்துவிட்டார்களோ என்று இரண்டு தடவை விசாரித்தார். காரில் நடந்தது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். சுருதி சேராதவன் நம் வீட்டுக்கு வேண்டாம் என்று மாமனார் சொல்லியிருக்கிறார்.

“சுருதி போனா போவுது நைனா” என்றாளாம் கிரேஸ். “கைய எடுங்கன்னு ஒரு வார்த்த சொல்ல முடியாம நின்னுக்கினு இருந்தாரு பாத்தியா, அவரா என்னை எதுத்துப் பேசப் போறாரு?”

இது இப்போது இரண்டு குடும்பத்திலும் தெரியாதவர் இல்லை. வீட்டில் நான் எதற்காவது மறுப்புச் சொல்ல வாயைத் திறந்தால் கிரேஸ் பதில் பேசுவதில்லை. வலது கையை என் தோளில் வைத்து, நன்றாக அழுத்தி, கண்ணை மூடிக்கொள்கிறாள். சோபாவில் உட்கார்ந்திருக்கும் மாமனார் ஆமென் சொல்லிவிடுகிறார்.