உண்மை நகலின் நிறம்

திருவொற்றியூர்ப் பக்கத்தில் ஒரு மகளிர் கல்லூரி. பட்டமளிப்பு விழாவுக்கு மாணவிகள் என்ன நிறத்தில் சேலை கட்டுவது என்பதை முடிவு செய்ய, ஏழு பேர் கொண்ட உடை ஒழுங்குக் குழு அமைக்கப்பட்டது. குழு ஐந்து முறை கூடியது. நான்கு முறை சமோசா வந்தது. ஐந்தாவது முறை வரவில்லை. ஆகவே உடனே முடிவு வந்தது. தேர்ந்தெடுத்த துணியில் ஓர் அங்குலம் வெட்டிச் சுற்றறிக்கையில் குண்டூசியால் குத்தினார்கள். "இந்நிறத்திலன்றி வருவோர் மேடையேற அனுமதிக்கப்படார்; அன்னாரது பட்டம் தபாலில் அனுப்பப்படும்" என்று கீழே தட்டச்சும் செய்தார்கள்.

இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு அதைக் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் மெஷினில் வைத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பிரதி எடுத்தார்கள்.

பி.காம். முடித்த ஆஃபியா தன் பிரதியை எண்ணூரில் எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்து அம்மா மலிகாவிடம் காட்டினாள். சதுரமாகச் சாம்பல் நிறம். மெஷின் கண்ணாடியில் இருந்த கீறல், அதன் மேல் சாய்வாக ஒரு கறுப்புக் கோடு போட்டிருந்தது. ஓரத்தில் குண்டூசியின் நிழல்.

"இன்னாடி இது, கலரா? அடுப்பு தொடச்ச துணி மாதிரி கீது," என்றாள் மலிகா.

மலிகா இருபது வருஷமாக இடியாப்பம் பிழிந்து விற்பவள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கப்போகிற முதல் ஆள் ஆஃபியா. மகள் மேடையேறுவதைக் கண்ணால் பார்த்துக் கைதட்ட வேண்டும் என்பதைத் தவிர மலிகாவுக்கு வேறு ஆசை கிடையாது.

"தபால்ல வந்தா இன்னாம்மா, அதே பட்டம்தானே?"

"தபால்ல வந்தா அது பேங்கு நோட்டீஸுடி. மேட ஏறி வாங்குனாத்தான் பட்டம்."

மறுநாள் இருவரும் கல்லூரி அலுவலகத்துக்குப் போனார்கள். கண்காணிப்பாளர் ஆசீர்வாதம் ஃபேனுக்கு நேர் கீழே வீற்றிருந்தார்.

"சார், துணியோட நெசக் கலரு இன்னா?" என்று மலிகா கேட்டாள்.

"சுற்றறிக்கையில் காண்க."

"அதுல சாம்பலா கீது சார்."

"அப்போ சாம்பல்."

"அது ஜெராக்ஸு சார். அசலு வேற கலரா இருக்கும்ல?"

ஆசீர்வாதம் பிரதியைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் 'உண்மை நகல்' என்று முத்திரை அடித்து, முதல்வர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"அசலும் நகலும் ஒண்ணுன்னு சான்றொப்பம் ஆயிடுச்சும்மா. இனிமே அசல் வேற கலர்ல இருந்தா, அது அசலோட தப்பு."

"இந்தக் கோடு?"

"கோடு உண்டு."

"குண்டூசி நெழலு?"

"அதுவும் சான்றொப்பத்துல அடக்கம்."

"அசலக் கண்ணால பாக்கலாமா சார்?"

"தாராளமா. மனு குடுங்க. விழா முடிஞ்சு முப்பது நாளைக்குள்ள பதில் வரும்."

வண்ணாரப்பேட்டையில் ஞானதுரை அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் நிற்க இடமில்லை. சாம்பல் நிறச் சேலை, குறுக்கே சாய்வாகக் கறுப்புக் கோடு, முந்தானையில் எம்ப்ராய்டரி குண்டூசி. 'சர்க்குலர் சில்க்' என்று போர்டே வைத்துவிட்டார்.

"உங்களது எத்தனாவது ஜெராக்ஸும்மா?" என்றார் அண்ணாச்சி.

"இன்னாது?"

"மொத ஜெராக்ஸுன்னா இந்த ரகம். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்திருந்தா இது, கொஞ்சம் கறுப்பா இருக்கும். வாட்ஸ்அப்புல வந்ததுன்னா அந்தா, லேசா நீலம் அடிக்கும் பாத்துக்கிடுங்க."

கல்லூரி வாசலையே மிதிக்காத ஒரு மணப்பெண், நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு எடுத்துக்கொண்டிருந்தாள். குண்டூசி இன்னும் பெரிதாகப் போட்டது இருக்கிறதா என்று கேட்டாள்.

மலிகா பிரதியை ஒவ்வொரு சேலையின் மேலும் வைத்து வைத்துப் பார்த்தாள். ஒன்று மினுமினுத்தது, ஒன்று வெளுத்தது, எதுவும் சேரவில்லை. "ஒரே பேஜாராப் பூடுச்சு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினாள். பஸ்ஸில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடிக்குப் போனாள். நான்கு நாளைக்கு முன்னால் காயப்போட்டு மறந்த வெள்ளைத் துப்பட்டா அங்கே கிடந்தது. கோபத்தில் அதை உருவி உதறப்போனவள், அப்படியே நின்றுவிட்டாள். எண்ணூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் சாம்பல் துணி முழுக்கச் சீராகப் படிந்திருந்தது. கயிற்றின் கரி சாய்வாகக் கோடு போட்டிருந்தது. ஓரத்தில் கிளிப்பின் துரு. பிரதியை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

"யா அல்லா! அடியே ஆஃபியா, ஓடியா! காலேஜு கலரு நம்ம கயித்துல தொங்கினு கீதுடி!"

அன்றே ஒரு வெள்ளைக் காட்டன் சேலை கயிற்றில் ஏறியது.

விழா நாளன்று வாசலில் ஆசீர்வாதம் உண்மை நகலும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தார். "பளபளப்பு நகலில் இல்லை. தபால்." "கோடு வலப்பக்கம் சாய்கிறது. தபால்." இப்படியே முந்நூற்றுப் பதினொரு பேரும் ஒதுங்கி நின்றார்கள். கடைசியாக ஆஃபியா வந்தாள். அவர் மூன்று முறை பார்த்தார். முகர்ந்தார். தும்மினார். எழுந்தே நின்றுவிட்டார்.

"பதினெட்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு இணக்கத்தை நான் பாத்ததில்லம்மா!"

"கடலெனத் திரண்டிருக்கும் பட்டதாரிகளே" என்று ஆஃபியா ஒருத்தியைப் பார்த்துச் சிறப்பு விருந்தினர் ஐம்பது நிமிஷம் பேசினார். அவள் மேடையேறியபோது மலிகா நாற்காலி மேல் ஏறிக் கைதட்டினாள். அழுதாள், சிரித்தாள், மகள் பேரைச் சொல்லி விசிலும் அடித்தாள்.

"எந்தக் கடைம்மா?" என்று ஆசீர்வாதம் ரகசியமாகக் கேட்டார்.

"எங்கூட்டு மொட்டமாடி சார்."

அடுத்த சுற்றறிக்கையில், சேலைகளை நான்கு நாட்கள் எண்ணூரில் உலர்த்த வேண்டும் என்று விதி வந்தது. மற்ற கல்லூரிகளும் பின்பற்றின. அண்ணாச்சி போர்டை 'அசல் எண்ணூர் ஃபினிஷ்' என்று மாற்றினார். எங்கள் தெருக் கயிறுகளில் இடம் பிடிக்க நுங்கம்பாக்கத்திலிருந்தெல்லாம் கார்கள் வந்தன.

இந்த நேரம் பார்த்துத்தானா, சாம்பலை நிறுத்தச் சொல்லி நாங்கள் பத்து வருஷமாகக் கொடுத்துவந்த மனுக்களை யாரோ ஒரு நேர்மையான அதிகாரி எடுத்துப் படித்துத் தொலைக்க வேண்டும்? ஒரே மாதத்தில் சாம்பல் நிற்கும் என்று உத்தரவும் போட்டுவிட்டார்.

ஊரே கொதித்தது. மாணவிகளின் எதிர்காலத்தை முன்னிட்டுச் சாம்பலைத் தொடர்ந்து வழங்கக் கோரி அன்று மாலையே புது மனு தயாரானது. எனக்கும் அடுத்த வருஷம் பட்டம் வாங்குகிற பெண் இருக்கிறாள். இருமிக்கொண்டே போய், இருமிக்கொண்டிருந்த வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.