ஜன்னலுக்கு ஒரு ஆறு

இனிமேல் நான் ஒரு வீட்டை விலைக்கு வாங்கினால் அதன் ஜன்னலில் ஆறு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த வீடு எனக்கு வேண்டாம். இந்தத் தீர்மானத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கூடம் முழுக்கத் தொங்கிய ஈரத் துணிகளுக்கு நடுவே நின்று, உரத்த குரலில் முன்மொழிந்தேன். கூட்டத்துக்கு வந்திருந்தவர் என் மனைவி ஒருத்திதான். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"உங்க இஷ்டம்" என்றாள்.

கல்யாணமான இருபத்தொன்பது வருடங்களில் அதற்கு முன் அவள் "உங்க இஷ்டம்" என்று சொன்னது நான்கே முறை. நான்கிலும் மண்ணைக் கவ்வியது நான். அன்றைக்கே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

என் பக்க நியாயத்தையும் கேளுங்கள். ஒரு நாளிதழில் முப்பத்திரண்டு வருடம் வரி விளம்பரம் எழுதியவன் நான். வீடு விற்பனைக்கு, வீடு வாடகைக்கு, இவ்வளவுதான் என் இலக்கியம். அச்சு இயந்திரத்துக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து எழுதினேன். அறைக்கு ஜன்னலே கிடையாது. 'நல்ல காற்றோட்டம்' என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை எழுதிவிட்டு, மை வாசனையை மூச்சாக இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். ஓய்வு பெற்ற அன்று எனக்கு ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், அதற்கு வெளியே ஓடும் தண்ணீர். என் வேலை அதைப் பார்ப்பது. தண்ணீரின் வேலை ஓடுவது. யாரும் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

அதனால்தான் இந்த ஆற்றங்கரை ஊருக்கு வந்தோம். கரையை ஒட்டி ஒரு வாடகை வீடு. மலை, வளைந்து போகும் ஆறு, காலையில் மூடுபனி, அதற்குள்ளிருந்து மெதுவாக வெளிவரும் படகு. எட்டு மாதம் நான் நாற்காலியை விட்டு எழுந்ததாக ஞாபகம் இல்லை. என் மனைவிக்கு இந்த அழகெல்லாம் வேறு மாதிரி தெரிந்தது.

"ஏங்க, உப்பு மறுபடியும் தண்ணியாயிடுச்சு."

"அங்க பாரு, மூடுபனி எப்படி இறங்குதுன்னு."

"இறங்கி நேரா உப்பு டப்பாக்குள்ளதான் வருது."

"கொஞ்சம் ரசிக்கக் கத்துக்கோ."

"நாலு நாளா இந்தத் தலையணை உறையைக் காயப் போட்டிருக்கேன். காஞ்சதும் ரசிக்கிறேன்."

துணி காயாது. கடைத்தெருவுக்கு அரைமணி நேரம் மேடு ஏற வேண்டும். ஏறுகிறவள் அவள். சுற்றுலா வந்தவர்கள் அழைப்பு மணியை அடித்து, "கழிவறை இருக்கா?" என்று கேட்பார்கள். எழுந்து போய்ப் பதில் சொல்கிறவளும் அவள்தான். பேச அக்கம்பக்கம் கிடையாது. மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு இருமல் பிடித்தது. மழை போன பிறகும் இருமல் போகவில்லை. நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில்தான் வீட்டுக்காரர் தன் மகனைக் குடிவைக்க வேண்டும் என்று வீட்டைத் திருப்பிக் கேட்டார். இரண்டு மாதம் கெடு. எனவே அந்தத் தீர்மானம்.

வீடு வாங்குவதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இது தற்பெருமை இல்லை, தொழில் அனுபவம். விளம்பரத்தில் எந்தச் சொல்லுக்கு உள்ளே எந்தக் குறை படுத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். 'அமைதியான சூழல்' என்றால் பஸ் வராது. 'சிறு குடும்பத்துக்கு ஏற்றது' என்றால் கால் நீட்ட முடியாது. 'பழமை மாறாத வீடு' என்றால் கழிவறைக் கதவு சாத்தாது. 'நடந்து போகும் தூரம்' என்று எழுதுவோம், யார் நடப்பது என்று எழுத மாட்டோம். இருபத்தொன்பது வருடம் சாப்பாட்டு நேரத்தில் இதையெல்லாம் என் மனைவிக்கு விளக்கியிருக்கிறேன். பாத்திரம் தேய்த்தபடி தலையாட்டுவாள். காதில் வாங்கிக்கொள்கிறாள் என்று ஒருநாளும் நான் சந்தேகப்பட்டதில்லை.

தரகர் ஒருவரைப் பிடித்தோம். முதல் வீட்டில் ஆறு அற்புதமாகத் தெரிந்தது. நான் ஜன்னலை விட்டு அகலவில்லை. மனைவி சுவரைப் பார்த்தாள்.

"இது என்னங்க, இடுப்பு உயரத்துக்குக் கோடு?"

"டிசைன் மேடம். கீழ ஒரு கலர், மேல ஒரு கலர்" என்றார் தரகர்.

"கோட்டு மேல நத்தை ஒட்டிக்கிட்டிருக்கே, அதுவும் டிசைனா?"

தரகர் நத்தையைப் பார்த்தார். நத்தை தரகரைப் பார்த்தது. இருவரில் நத்தைதான் வெட்கப்பட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. நாம் ஆற்றைப் பார்க்கும் வீடு இல்லை அது. ஆறு வந்து நம்மைப் பார்த்துவிட்டுப் போகும் வீடு.

இரண்டாவது வீட்டில் ஆறு ஒரே இடத்திலிருந்துதான் தெரிந்தது. குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி, காற்றுப் போகும் ஓட்டை வழியாகப் பார்க்க வேண்டும். ஏறிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. இறக்கிவிடத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

மூன்றாவது வீட்டின் முற்றம் வழியாக ஊரே ஆற்றுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே பதினோரு பேரும் ஒரு எருமையும் கடந்து போனார்கள். எருமை மட்டும் நின்று என்னை விசாரித்தது.

எந்த வீட்டையும் என் மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு கேள்வி கேட்டாள். கேட்டவுடன் வீடு இடிந்து விழுந்தது. கெடுவில் மூன்று வாரம்தான் மிச்சம். தரகர் என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

ஒரு புதன்கிழமை காலை காபியோடு பேப்பரும் வந்தது. வரி விளம்பரப் பக்கம் மேலே தெரியும்படி மடித்திருந்தது. என் மனைவி பேப்பரை மடிக்கிற பழக்கமே இல்லாதவள். அதையும் நான் கவனிக்கவில்லை. என் கண் ஒரு விளம்பரத்தில் குத்திட்டு நின்றுவிட்டது.

'ஆறு தெரியாத வீடு விற்பனைக்கு. கடைத்தெருவுக்குப் பின்புறம். பகலில் சத்தம் இருக்கும். மாடிப்படி செங்குத்து. வெயில் அதிகம் அடிக்கும். சமையலறை பெரிது, முன்னறை சிறிது. பிடித்தால் மட்டும் வரவும்.'

எனக்கு உடம்பு புல்லரித்தது. முப்பத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு விளம்பரம் என் மேசைக்கு இரண்டே முறை வந்திருக்கிறது. இரண்டும் ஒரே காரணத்துக்காக. நல்ல வீட்டைத் தெரிந்தவருக்கு முடிக்க வேண்டும், ஆனால் ஊரறிய விளம்பரம் கொடுத்ததாகவும் இருக்க வேண்டும். அதற்காக வருகிறவனை விரட்டுகிற மாதிரி எழுதச் சொல்வார்கள். குறையை எல்லாம் வாசலில் கொட்டிவைத்தால் உள்ளே எதை ஒளிக்கிறார்கள்? நிறையைத்தான்! கடைத்தெருவுக்குப் பின்புறம் மேட்டு நிலம். ஆறு அந்தப் பக்கம்தான் வளைகிறது. மாடியில் நின்றால் ஆறு காலடியில் கிடக்கும். 'ஆறு தெரியாத' என்று முதல் வரியிலேயே ஒருவன் கூவினால், என் அகராதியில் அதற்கு ஒரே பொருள்தான்.

மனைவிக்குத் தெரியாமல் முடித்துவிட வேண்டும். அவளைக் கூட்டிப் போனால் ஒரு கேள்வி கேட்பாள், வீடு விழுந்துவிடும். சட்டையை மாட்டினேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"முடி வெட்ட."

"யாருக்கு?"

என் தலையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் நியாயம் புரியும். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

அந்த வீட்டுக்காரர் ஒரு தையல்கார அம்மா. மகள் இருக்கும் ஊருக்குப் போகப் போகிறாராம். முன்னறையில் தையல் இயந்திரம், சுற்றிலும் துணி.

"ஆறு தெரியாது சார். முன்னாடியே சொல்லிடறேன்."

நான் கண்ணைச் சிமிட்டினேன். "புரியுதும்மா, புரியுது."

"என்ன சார் புரியுது?"

"மாடியைப் பாக்கலாமா?"

"மாடிக் கதவு மழையில உப்பிப் போய் இறுகிக்கிச்சு. தச்சர் வந்துதான் தெறக்கணும்."

ஆகா! மாடியை மறைக்கிறார்கள். என் சந்தேகம் உறுதியாயிற்று.

"வேற யாராவது வந்து பாத்தாங்களா?"

"ஒரு அம்மா வந்தாங்க சார். நாடா வச்சு எல்லா ஜன்னலையும் அளந்தாங்க. சமையக்கட்டுல வெயில் விழற எடத்துல நின்னு, இதான் என் வீடுன்னு சொல்லிட்டாங்க."

"முன்பணம் குடுத்துட்டாங்களா?"

"அவங்க வீட்டுக்காரர் சம்மதிக்கணுமாம். அவர் கொஞ்சம் பிடிவாதக்காரராம் சார்."

"இவ்வளவு நல்ல வீட்டை வாங்கத் தயங்கறான்னா, அந்த ஆள் சரியான முட்டாளா இருப்பான்."

தையல்கார அம்மா குனிந்து ஊசியில் நூல் கோத்தார். "எனக்குத் தெரியாது சார். இதுவரைக்கும் நான் அவரைப் பாத்ததில்ல."

அங்கேயே முன்பணத்துக்குக் காசோலை எழுதினேன். முகம் தெரியாத அந்த அம்மாவை முந்திக்கொண்ட மகிழ்ச்சியில், மேட்டிலிருந்து வீடு வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மனைவியிடம் சொன்னதும் அவள் முகத்தில் ஒரு சோகம் படர்ந்தது. இன்றுவரை நான் மறக்காத சோகம்.

"ஆறு தெரியாதா? ஐயோ, உங்க ஆசை என்னாகறது?"

"ஆறு என்ன ஆறு! வயசான காலத்துல கடை பக்கத்துல இருக்கணும்."

"சத்தமா இருக்குமேங்க."

"சத்தம்னா மனுஷங்க இருக்காங்கன்னு அர்த்தம். பேச்சுத் துணை வேண்டாமா உனக்கு?"

"வெயில் வேற அடிக்குமாமே."

"துணி காயும்! உன் இருமல் நிக்கும்! உப்பு உப்பா இருக்கும்!"

"முன்னறை சின்னதாம். நாற்காலியை எங்க போடுவீங்க?"

"நாற்காலி எதுக்கு? நான் என்ன கிழவனா?"

முக்கால் மணி நேரம் வாதாடினேன். அவளுடைய கட்சியை நான் பேசினேன், என் கட்சியை அவள் பேசினாள். கடைசியில் ஜெயித்தது நான்தான். மாடி ரகசியத்தை மட்டும் சொல்லவில்லை. குடிபோன அன்று கையைப் பிடித்து மேலே அழைத்துப் போய், ஆற்றைக் காட்டி, அசத்திவிட வேண்டும் என்று வைத்திருந்தேன்.

அவள் நீளமாகப் பெருமூச்சு விட்டாள். "உங்க இஷ்டம்."

ஆறாவது முறை.

பத்திரம் பதிவாயிற்று. சாமான் வந்து இறங்கியது. தச்சர் மாடிக் கதவை இழைக்க ஆரம்பித்தார். கீழே மனைவி ஒரு பெட்டியைத் திறந்து திரைச்சீலைகளை எடுத்து மாட்டினாள். முதல் ஜன்னலுக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தியது. இரண்டாவதற்கும், மூன்றாவதற்கும். ஒரு விரல் கூடவில்லை, ஒரு விரல் குறையவில்லை.

"இதை எப்போ தச்சே?"

"போன மாசம். அக்கா தச்சுக் குடுத்தாங்க."

"எந்த அக்கா?"

"இந்த வீட்டு அக்காதான்."

நான் ஒரு சாமான் மூட்டையின் மேல் உட்கார்ந்தேன்.

"அப்ப ஜன்னலை அளந்துட்டுப் போன அந்த அம்மா…"

"நான்தான்."

"அந்தப் பிடிவாதக்காரர்?"

அவள் திரைச்சீலையின் சுருக்கத்தைச் சரி செய்தாள்.

"என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே!"

"எட்டு மாசமா சொன்னேங்க. நீங்க மூடுபனி பாத்துக்கிட்டிருந்தீங்க."

ஆனாலும் எனக்கு ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. மாடி! அவள் ஆயிரம் சூழ்ச்சி செய்யட்டும், ஆற்றை யாராலும் இடம் மாற்ற முடியாது. மேலே கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. செங்குத்தான படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினேன்.

கூரைகள் தெரிந்தன. தண்ணீர்த் தொட்டிகள் தெரிந்தன. கடைத்தெருவின் நீலப் படுதாக்கள் தெரிந்தன. மலைகூடக் கொஞ்சம் தெரிந்தது. ஆறு வளைய வேண்டிய இடத்தில் ஒரு சினிமாக் கொட்டகையின் முதுகு நின்றது. தொட்டிமேல் ஏறிப் பார்த்தேன். கொட்டகையின் முதுகு இன்னும் பெரிதாகத் தெரிந்தது. நான்கு திசையிலும் தேடினேன். ஆறும் இல்லை, ஆறுதலும் இல்லை.

என் மனைவி ஒரு வாளி ஈரத் துணியோடு வந்து கொடியில் போட ஆரம்பித்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. படியேறி வந்தும் ஒரு தடவைகூட அவள் இருமவில்லை என்பதை, அந்த நிலையிலும், நான் கவனித்துத் தொலைத்தேன்.

"ஆறு எங்கடி?" என்றேன்.

"ஆறு தெரியாதுன்னு விளம்பரத்தோட முதல் வரியிலேயே எழுதியிருந்தேனேங்க, நீங்கதான் எதையும் நம்பமாட்டீங்களே" என்றாள் அவள். "இந்தாங்க, இந்தப் போர்வையோட அந்த முனையைப் பிடிங்க."