வலப்பக்கத்துப் பதினான்கு ஜன்னல்கள்

காலை ஏழரை மணிக்கு எண்ணூற்றுப் பத்து டாலராக இருந்த அறை, ஆர்லோ டெங்கர் ஒரு கோப்பைக் காப்பி குடித்து முடிப்பதற்குள் எண்ணூற்று எழுபது ஆகிவிட்டது.

"மார்வா, இங்க வந்து பாரு. இந்தத் திருட்டுப் பயலுகளைப் பாரு."

மார்வா அடுப்பை விட்டு நகரவில்லை. "எவ்வளவாம்?"

"எண்ணூத்தி எழுபது. ஆளுக்கு. அதுவும் பாதி ஜன்னலை உயிர்காக்குற படகு மறைக்கிற அறைக்கு. ஜனவரியில இதே அறை அறுநூத்தி நாப்பத்தொம்பது."

"ஜனவரியில வாங்கியிருக்கலாம்."

"ஜனவரியில வாங்குறவன் மடையன். அப்பத்தான் அவன் மேளம் கொட்டி விப்பான். மேளம் கொட்டி விக்கிற சரக்கை எவன் நம்புவான்?"

இதைத்தான் போன வருடமும் சொன்னான். அதற்கு முந்தின வருடமும் சொன்னான்.

ஒஹையோவில் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன் ஆர்லோ. புருஷனும் பெண்சாதியும் ஃப்ளோரிடாவுக்கு வந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் சக்கர வீடுகள் வரிசையாக நிற்கும் டிரெய்லர் பார்க்கில் குடியேறிப் பதினொரு வருடம் ஆகிறது. சனிக்கிழமைதோறும் நாலு மணிக்கு உல்லாசக் கப்பல் கிளம்பும். மூன்றரைக்கே பார்க் மொத்தமும் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடல் முனைக்குப் போய்விடும். கப்பல் மெதுவாகக் கரையை ஒட்டிப் போகும்போது இங்கிருந்து கை ஆட்டுவார்கள். அங்கிருந்தும் ஆட்டுவார்கள். காசு செலவில்லாத பொழுதுபோக்கு. ஆர்லோவுக்கு அது போதும்.

மார்வாவுக்குப் போதவில்லை. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தவள். அடுத்தவர் பரிமாறி உட்கார்ந்து சாப்பிட்டது அவள் கல்யாணத்தன்று ஒரு முறை. இந்த நவம்பரில் எழுபது முடிகிறது. அந்தப் பிறந்தநாளைக்கு அந்தக் கப்பலில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"பால்கனி வேண்டாம். ஒரு ஜன்னல் போதும். கரை தெரியிற பக்கமா. நம்ம ஆளுங்க எல்லாம் நாற்காலி போட்டு உக்காந்திருக்கணும், நான் அங்கிருந்து கை ஆட்டணும்."

கரை தெரிவது கப்பலின் வலப்பக்கம். அந்தப் பக்கம் ஆர்லோவின் கைக்கு எட்டுகிற விலையில் இருப்பவை, படகு பாதி மறைக்கும் பதினான்கு ஜன்னல் அறைகள்.

இதற்கென்று ஆர்லோ ஒரு கணக்கு வைத்திருந்தான். கப்பல் புறப்படத் தொண்ணூறு நாளைக்கு முன்னால் முழுப் பணமும் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு ரத்து செய்தால் பாதிப் பணம் போச்சு. ஆகவே வாய்ப்பேச்சுக்கு அறை பிடித்தவர்கள் எல்லாம் அன்றைக்குக் கூட்டமாக ரத்து செய்வார்கள். அறைகள் காலியாகும். கம்பெனிக்காரன் பயப்படுவான். விலை விழும். "அவன் பயப்படுற அன்னிக்கு வாங்கணும்" என்று கடல் முனையில் நாற்காலி நாற்காலியாகப் போய்ச் சொல்லியிருக்கிறான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மார்வா பொறுமையிழந்து தன் கையாலேயே ஓர் அறையைப் பிடித்தாள். மறுநாளே விலை பதினைந்து டாலர் இறங்கியது. ஆர்லோ துள்ளிக் குதித்து, பிடித்ததை ரத்து செய்துவிட்டு, குறைந்த விலைக்குத் திரும்ப வாங்கப் போனான். ரத்து செய்ததற்கும் வாங்கப் போனதற்கும் நடுவில் ஒரு சாண்ட்விச் சாப்பிட்டான். அதற்குள் அறை போய்விட்டது. அந்தச் சனிக்கிழமை மார்வா கடல் முனைக்கு வந்தாள், ஆனால் கை ஆட்டவில்லை. திரும்பி வரும் வழியில் பேசவுமில்லை.

இந்த வருடம் தொண்ணூறாவது நாள் ஞாயிறன்று கழிந்தது. திங்களன்று விலை விழுந்திருக்க வேண்டும். ஏறியது. இன்று செவ்வாய். திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வேறு: ஐந்து அறைகளே மீதி.

"இந்தக் கம்ப்யூட்டர் என்னை வேவு பாக்குது" என்றான் ஆர்லோ. "நான் தினம் பாக்குறேன்ல, இவனுக்கு வேணும்னு தெரிஞ்சு ஏத்துறான்."

"அப்ப பாக்காதே."

"வேற கம்ப்யூட்டர்ல பாக்குறேன்."

தொப்பியைக் கண் வரைக்கும் இறக்கிவிட்டுக்கொண்டு ஊர் நூலகத்துக்குப் போனான். அங்கே விலை தொள்ளாயிரத்து ஐந்து. நாலு அறை மீதி. நூலகத்துப் பெண்ணிடம், "இந்த மெஷினும் அவனுங்க ஆளா?" என்று கேட்டான். அவள், "தாத்தா, இது மாவட்டத்தோட மெஷின்" என்றாள். "அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

சாயங்காலம் பார்க் நீச்சல் குளத்தில் லீலண்ட் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தான். எதிர் டிரெய்லர்காரன், குழாய் ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவன். அவன் மனைவி டோரீனும் மார்வாவின் சீட்டாட்டக் கூட்டாளிகள் நாலைந்து பேரும் பூப்போட்ட தொப்பிகளோடு மிதந்துகொண்டிருந்தார்கள்.

"எவனோ ஒருத்தன் மொத்தமா அள்ளுறான் லீலண்ட். வலப்பக்கம் மட்டும் குறி வச்சு அள்ளுறான். சொல்லி வச்ச மாதிரி."

"சர்ச் கூட்டமா இருக்கும். அவங்கதான் பஸ் பஸ்ஸா வருவாங்க."

"எவனா இருந்தாலும் விரட்டுறேன் பாரு." ஆர்லோ குரலை உயர்த்தினான். "கேட்டீங்களா பொம்பளைங்களே, அந்தக் கப்பல்ல கழிவறை எல்லாம் பொங்குதாம். எந்த நேரமும் நாத்தமாம்."

டோரீன் ஆர்வமாகத் திரும்பினாள். "அப்படியா? எந்தத் தளத்துல?"

"எல்லாத் தளத்துலயும்."

"அடப்பாவமே" என்றாள் டோரீன். சுவர்க் கடிகாரம் ஐந்தடிக்கக் கால் மணி இருந்தது. அதைப் பார்த்ததும் ஈரத்தோடு ஏறி ஓடினாள். மற்ற தொப்பிகளும் ஒவ்வொன்றாய்க் கரையேறின.

"வதந்தி வேலை செய்யுது பாத்தியா?" என்றான் ஆர்லோ. "ஊர் ஊரா ஃபோன் போட்டுச் சொல்லப் போறாளுங்க."

அதோடு விடவில்லை. வீட்டுக்கு வந்து, கப்பல் பைத்தியங்கள் கூடிப் பேசும் இணையதளத்திலும் அதையே எழுதிப் போட்டான். காலையில் ஒரே ஒரு பதில் வந்திருந்தது. 'எவனோ மத்தவங்களை விரட்டிட்டு விலையைக் குறைக்கப் பாக்கிறான். அப்படின்னா நல்ல கப்பலாத்தான் இருக்கும்.' அதற்கு நாற்பத்திரண்டு பேர் கட்டை விரல் தூக்கியிருந்தார்கள்.

திரையில் இரண்டு அறை. ஆயிரத்து நாற்பது.

ஆர்லோவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பயமா சந்தோஷமா என்று அவனுக்கே தெரியவில்லை. முப்பது வருடம் பேருந்துக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவனுக்கு இப்படி ஒரு வேட்டை வாய்த்ததில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு லீலண்ட் வீட்டுக்கு ஓடினான்.

"லீலண்ட், எனக்கு ஒரு உதவி. பஜார்ல அஞ்சு மணி வரைக்கும் டிக்கெட் போடுற யோலாண்டா இருக்காள்ல, அவ காசு வாங்காம மூணு நாளைக்கு அறை பிடிச்சு வைப்பா. உன் பேர்ல ஒண்ணு பிடி. நான் போனா என் மூஞ்சைப் பாத்தே விலை ஏத்திடுவா. விலை இறங்கினதும் அதை விட்டுட்டு நான் வாங்கிக்கிறேன்."

"இறங்கலைன்னா?"

"இறங்கலைன்னா அதையே நான் எடுத்துக்குறேன். ரெண்டு பக்கமும் கட்டியாச்சு. நம்மளை எவன் ஏமாத்துவான்?"

லீலண்ட் உள்ளே போய் ஃபோன் பேசிவிட்டுத் திரும்பி வந்தான். "பிடிச்சாச்சு."

ஆர்லோ வீட்டுக்கு வந்து பார்த்தான். ஒரு அறை மீதி. ஆயிரத்து நூற்று நாற்பது. பிடித்தது அவனே சொல்லிப் பிடித்தது. அதற்கு நூறு டாலர் ஏறியதும் அவனுக்கே.

பரவாயில்லை, கைவசம் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத் தூங்கினான். வியாழன் காலையில் லீலண்ட் வாசல் படியில் நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"ஆர்லோ, ஒரு சங்கடம். டோரீனுக்கு அந்த அறை பிடிச்சுப் போச்சு. தரமாட்டேங்கிறா."

"என்னய்யா சொல்றே? அது என் அறை."

"நானும் சொன்னேன். 'உன் பேர்லதானே இருக்கு'ங்கிறா. நாப்பத்தாறு வருஷமா அவளோட வாதாடி ஜெயிச்சதில்லை, இன்னிக்கு ஜெயிச்சுடுவேனா?"

"துரோகி."

"ஆமா" என்று ஒத்துக்கொண்டு லீலண்ட் போய்விட்டான்.

ஆர்லோ திரும்பினான். மார்வா மேசையருகே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அப்ப நவம்பர்ல டோரீன் அந்த ஜன்னல்ல நிப்பா."

"மார்வா..."

"நான் என் எழுபதாவது பிறந்தநாளைக்கு மடக்கு நாற்காலியில உக்காந்து டோரீனுக்குக் கை ஆட்டணும்."

"இன்னும் ஒரு அறை இருக்கு. நாளைக்கு இறங்கும். எழுதி வச்சுக்கோ."

"எழுதி வச்ச நோட்டு நாலு இருக்கு, மனுஷா. எதை எடுத்துட்டு வரட்டும்?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஆர்லோ பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பான். மேசைத் துணியில் இருந்த ரொட்டித் துகளை உள்ளங்கையில் கூட்டி எடுத்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால், கடல் முனையில், இதே முகத்தோடுதான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆர்லோ கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு. சிவப்பு எழுத்து துடித்துக்கொண்டே இருந்தது.

"கார்டைக் கொண்டா."

மார்வாவின் கையில் கார்டு தயாராக இருந்தது.

"நம்பரைப் படி. மெதுவா."

அவள் படித்தாள். அவன் ஒரு விரலால் தட்டினான். நடுவில் ஓர் எண் தப்பாகி முதலிலிருந்து அடிக்க வேண்டியதாயிற்று. பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது.

"போச்சு" என்றான் ஆர்லோ. "எவனோ பிடுங்கிட்டான். அந்தச் சர்ச்சுக்காரன்."

"வாயை மூடிட்டுத் திரையைப் பாரு."

வட்டம் நின்றது. பச்சை எழுத்தில் வந்தது: அறை உறுதி. வலப்பக்கம். ஜன்னல்.

ஆர்லோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். எழுபத்துமூன்று வயதுக் கால்கள் தாமாகவே குதித்தன. மார்வாவின் இடுப்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். மேசை மேலிருந்த உப்புக் குப்பி உருண்டு விழுந்தது.

"கடைசி அறை மார்வா. கடைசி. அத்தனை பேர் வாயிலேருந்தும் பிடுங்கிட்டேன். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனா யோசிச்சுப் பாரு, ஒரு நிமிஷம் தாமதிச்சிருந்தா?"

"போயிருக்கும்."

"போயேதான் இருக்கும். எப்ப வாங்கணும்னு தெரிஞ்சவன் வாங்கினதால கிடைச்சுது."

மார்வா அவன் சட்டையில் முந்தின நாளிலிருந்தே மாறிக் கிடந்த பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். "இனிமே இதை ரத்து பண்ண முடியாதில்ல?"

"பண்ணினா பாதிப் பணம் போச்சு. எந்தப் பைத்தியக்காரன் பண்ணுவான்?"

"சந்தோஷம்" என்றாள் மார்வா. நாலு நாளாக அடக்கி வைத்திருந்ததைப் போல ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு சமையலறை ஜன்னலுக்குப் போய், திரையை விலக்கி, கையை உயரத் தூக்கி ஆட்டினாள். எதிர் டிரெய்லர் தாழ்வாரத்தில் காத்திருந்ததைப் போல டோரீன் உட்கார்ந்திருந்தாள். அவளும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிவிட்டு உள்ளே ஓடினாள்.

"இப்பவே பழகுறியா?" என்று சிரித்தான் ஆர்லோ. "ஆட்டு, நல்லா ஆட்டு. அந்தத் துரோகி பொண்டாட்டி பாக்கட்டும்."

மார்வா முகம் கழுவப் போனாள். அவள் குழாயைத் திறந்த சத்தம் கேட்டது. பாட்டுக்கூட முணுமுணுத்தாள். ஆர்லோ கீழே விழுந்த உப்புக் குப்பியை எடுக்கக் குனிந்தபோது வீட்டுத் தொலைபேசி அடித்தது. யாராவது எதையாவது விற்கக் கூப்பிடுவார்கள் என்று அவன் அதை எடுப்பதே இல்லை. நாலு முறை அடித்து நின்றதும், செய்தி பதிவு செய்யும் பெட்டி தானாகப் பேச ஆரம்பித்தது.

"மார்வா அம்மா, யோலாண்டா பேசுறேன். உங்க வீட்டுக்காரர் பணம் கட்டிட்டார்னு டோரீன் இப்பத்தான் சொன்னாங்க. நீங்க சொன்ன மாதிரியே, உங்க சீட்டாட்டக் கூட்டாளிங்க பேர்ல பிடிச்சு வச்சிருந்த பதிமூணு அறையையும் விட்டுட்டேன். விலை மறுபடியும் அறுநூத்தி நாப்பத்தொம்பதுக்கு வந்துடுச்சு, இன்னிக்கு மட்டும் அவரைக் கம்ப்யூட்டர் பக்கம் விடாதீங்க."