பூங்காவனம் காதுக்கருவி வாங்கிய கதை

ஒரு காட்டில் ரைஃபிள் கிளப் தொடங்கினார்கள். காட்டுக்கு எதற்கு ரைஃபிள் கிளப் என்று கேட்டவர்களுக்கு, பக்கத்துக் காட்டில் இருக்கிறதே என்று பதில் சொல்லப்பட்டது. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

கிளப்பின் தலைவர் சிறுத்தை. செயலாளர் வைகுண்டம் என்கிற நரி. பயிற்சி கொடுக்க ஒரு கரடி மாஸ்டர். சுடுவதற்கு மட்டும் புல் தின்னும் பிராணிகளையே சேர்த்தார்கள். "இத்தனை காலமாக உங்களை எந்த விளையாட்டிலும் யாரும் சேர்க்கவில்லை. அந்த அநியாயத்தை நான் சரிசெய்யப் போகிறேன்" என்று தொடக்க விழாவில் தலைவர் பேசினார். மான்கள் கண்கலங்கின. காட்டாடு ஒன்று தலைவருக்கு மாலை போட்டு, அவர் கழுத்துக்கு அவ்வளவு அருகில் போய்விட்டு முழுசாகத் திரும்பியது. ஜனநாயகம் வந்துவிட்டது என்று எல்லோரும் நம்புவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அங்கே நன்றாகச் சுட்டது பூங்காவனம் என்கிற முயல். மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் இருப்பது அவள் பரம்பரைக்கே பிழைப்பு. அதையே கையில் துப்பாக்கியோடு செய்வது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. அட்டையில் வரைந்த வட்டத்தின் நடுவில் தோட்டா போய் உட்காரும். காடுகளுக்கு இடையிலான போட்டியில் நமக்குப் பதக்கம் நிச்சயம் என்று வைகுண்டம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் பயிற்சி முடிந்து வளைக்குத் திரும்பினால் பூங்காவனத்தின் காதுக்குள் ஒரு சில்வண்டு உட்கார்ந்து கத்தியது. முதலில் அது சாயங்காலத்தோடு போனது. பிறகு விடிந்த பிறகும் போகவில்லை. அவள் கரடி மாஸ்டரிடம் போய்ச் சொன்னாள்.

"மாஸ்டர், காதுல ஒரே ரீங்காரமா இருக்கு."

"காரமா? எனக்குக் காரம் ஒத்துக்காதும்மா."

அவள் உரக்கச் சொன்னாள். "காதுக்கு ஏதாவது மாட்டிக்கலாமான்னு கேட்டேன்."

"எதுக்கு? நான் எத்தனை வருஷமா சுடறேன். ஒரு நாளாவது எதையாவது மாட்டியிருக்கேனா? எனக்கு என்ன ஆயிருச்சு?"

அவருக்கு என்ன ஆயிருந்தது என்று அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். களத்தின் வாசலில் 'காதை மூடுபவர் கோழை' என்று ஒரு பலகையும் இருந்தது. வைகுண்டம் தம் கையாலேயே எழுதி மாட்டியது.

ஒரு காலை, பூங்காவனம் புல் மேய்ந்துகொண்டிருந்தபோது காட்டுப்பூனை ஒரே தாவலில் பிடிக்கும் தூரம் வரை வந்துவிட்டது. காற்று அவள் பக்கம் திரும்பி அதன் வாடை மூக்கில் ஏறியதால் தப்பினாள். முன்பெல்லாம் அது புதரை விட்டு எழுந்திருக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். வளைக்குள் வந்து குட்டிகளை அணைத்துக்கொண்டாள். காது போன முயலுக்கு அடுத்து என்ன போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிளப்பிலிருந்து விலகிவிடலாம்தான். விலகுகிறவர்களைத் தலைவர் அவரவர் வீட்டுக்கே வந்து சந்தித்து ஆறுதல் சொல்வார் என்று விதியில் இருந்தது. அதனால் யாரும் விலகுவதில்லை.

ஆகவே காதுக்கு ஏதாவது வாங்குவது என்று முடிவுசெய்தாள். முதலில் கைபேசியில் குரங்கு போட்டிருந்த வீடியோவைப் பார்த்தாள். குரங்கு பெட்டியைத் தடவியது, பிரித்தது, முகர்ந்தது, 'சும்மா அள்ளுது' என்றது. காதில் மட்டும் மாட்டிப் பார்க்கவில்லை. அவள் கைபேசியை வைத்துவிட்டு ஓடைக்கரைக் கடைக்குக் கிளம்பினாள்.

கடைக்காரன் காசிலிங்கம், ஒரு கீரி. கடை ஒரு பாம்புப் புற்றில் இருந்தது. அதன் பழைய உரிமையாளரைப் பற்றி வாடிக்கையாளர்கள் விசாரிப்பதில்லை.

"வாங்க மேடம். பட்ஜெட்டுக்குன்னா பஞ்சு அடைப்பான் இருக்கு. உருட்டி நசுக்கி உள்ள விட்டுட்டீங்கன்னா அதுவா உப்பி அடைச்சுக்கும்."

"அதைப் போட்டா பேச்சு கேக்குமா?"

"ஒண்ணும் கேக்காது. நிம்மதியா இருக்கலாம்."

"மாஸ்டர் 'நிறுத்து'ன்னு சொன்னாலும் கேக்காதே. குறுக்க யாராவது வந்துட்டா?"

"அது வர்றவங்க பிரச்சினை மேடம். சரி, அப்போ தலையில மாட்டுற காது மூடி இருக்கு." அவன் எடுத்துக் காட்டியது மனிதர்களுக்குச் செய்தது. பூங்காவனத்தின் நீளக் காதுகளுக்கு அதற்குப் பதில் இரண்டு குடம் வேண்டும். அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

காசிலிங்கம் குரலைத் தாழ்த்தி ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தான். "இது எலக்ட்ரானிக். காதுக்குள்ளயே உக்காந்துக்கும். வெடிச் சத்தம் வந்தா அமுக்கிரும். மெல்லப் பேசினா பெருசாக்கிக் குடுக்கும். பாட்டு கேக்கலாம், போன் பேசலாம். இலைப்பச்சை, மண் நிறம், ரெண்டு கலர் இருக்கு."

"வெடிச் சத்தத்தை எவ்வளவு குறைக்கும்?"

"நல்லாக் குறைக்கும்."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"இலைப்பச்சைதான் மேடம் வேகமாப் போகுது."

அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். டெசிபல் கணக்கு பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே எறும்பு படிக்கும் அளவில் 'காதில் இடைவெளியின்றிப் பொருந்தினால் மட்டும்' என்று இருந்தது. கூடவே சின்னது, நடுத்தரம், பெரியது என்று ரப்பர் முனைகள்.

"இந்த முனைய மாட்டிப் பாக்கணும்" என்றாள்.

"இதுவரைக்கும் யாரும் மாட்டிப் பாத்து வாங்கினதில்லை மேடம்."

"அதனாலதான் கிளப்புல எல்லார்கிட்டயும் கத்திப் பேச வேண்டியிருக்கு."

வலது காதுக்கு நடுத்தரம் சரியாக இருந்தது. இடது காது, குட்டியாக இருந்தபோது முள்ளில் கிழிந்தது. அதற்குப் பெரியது தேவைப்பட்டது. வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னாள். தன் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. காற்றுப் போகாமல் அடைத்திருக்கிறது என்று தெரிந்தது. சார்ஜ் தீர்ந்தால் என்ன ஆகும் என்று கடைசியாகக் கேட்டாள். அடைப்பு அடைப்பாகவே இருக்கும், பேச்சு மட்டும் கேட்காது என்று காசிலிங்கம் சொன்னான். அன்றைக்கு அவன் சொன்னதில் அது ஒன்றுதான் உபயோகமானது. அவள் வாங்கிக்கொண்டாள். கோழை என்று யாரும் சொல்லிவிடாதபடி காதுகளை மடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு களத்துக்குப் போனாள்.

முதல் குண்டு, யாரோ தூரத்தில் புளியம்பழம் உடைத்ததுபோலக் கேட்டது. பூங்காவனத்துக்கு அழுகை வந்துவிட்டது. வெடிகளுக்கு நடுவே மாஸ்டரின் மூச்சு கேட்டது, புல்லில் தத்துக்கிளி உட்காருவது கேட்டது. அவளுக்குத் திருப்பிக் கிடைத்தது ஒரு காடு.

இடைவேளையில், கொட்டகைக்குப் பின்னால் தலைவரும் வைகுண்டமும் பேசிக்கொண்டது அதைவிடத் தெளிவாகக் கேட்டது.

"இன்னும் எத்தனை நாள்யா காத்திருக்கறது?" என்றார் தலைவர். "இந்த வயசுல என்னால ஓடிப் பிடிக்க முடியல."

"மான்களுக்குக் காது ஏறக்குறைய முடிஞ்சுது, தலைவரே. நேத்து சொர்ணத்துக்குப் பின்னாடி நின்னு இருமினேன், திரும்பலை. இனிமே நீங்க ஓடவே வேண்டாம். நடந்து போனாப் போதும்."

"அந்த முயல்?"

"பதக்கம் வரட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

பூங்காவனம் துப்பாக்கியைத் தேடினாள். அதை இடைவேளைக்கு முன்பே வாங்கிப் பூட்டியிருந்தார்கள். சாவி வைகுண்டத்தின் இடுப்பில் இருந்தது.

அவள் நேரே சொர்ணத்திடம் ஓடினாள். சொர்ணம் புள்ளிமான். இருவரும் ஒருவர் குட்டிகளை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒரே மேட்டில் வருஷக்கணக்காக மேய்ந்தவர்கள்.

"அக்கா, இது விளையாட்டு இல்லக்கா. நம்ம காதைப் போக்கிட்டு, சும்மா நடந்து வந்து தின்னப் போறாங்க."

"திங்கவா? இப்பதான் மேஞ்சேன். நீ தின்னு."

"நம்மளத் திங்கப் போறாங்க. தலைவரும் வைகுண்டமும்."

நாலு தடவை காதருகே கத்திய பிறகு சொர்ணத்துக்குப் புரிந்தது. புரிந்ததும் சிரித்தாள். "வைகுண்டம் சாரா? ஒரு நாளும் கைகூப்பாமப் பேச மாட்டாரேடி. காதுல கண்டதை மாட்டினா கண்டதும்தான் கேக்கும். இரு, அவரையே கேட்டுடறேன்."

சொர்ணம் ஒளிவுமறைவு தெரியாதவள். போய்க் கேட்டும்விட்டாள். வைகுண்டம் கைகூப்பிக்கொண்டே மறுத்தார். பிறகு பூங்காவனத்தை அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவள் வாசலிலேயே நின்றாள். அவர் தம் காதுமடலை விலக்கிக் காட்டினார். உள்ளே இலைப்பச்சை நிறத்தில் அதே கருவி.

"உக்காரும்மா. இந்தக் காட்டுல நல்லாக் காது கேக்கறது நமக்கு ரெண்டு பேருக்குத்தான். நமக்குள்ள சத்தம் எதுக்கு?"

"நான் எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்."

"சொல்லேன். யாருக்குக் கேக்கும்?"

பூங்காவனம் வாசலை விட்டு நகரப் பார்த்தாள்.

"இணைச் செயலாளர் பதவி காலியா இருக்கு" என்றார் வைகுண்டம். "நிர்வாகிகளையும் அவங்க குடும்பத்தையும் தலைவர் தொடமாட்டார். அது அவர் கொள்கை. நீ கேட்டது தப்பாக் கேட்டதுன்னு அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. குட்டிங்க சௌக்கியமா?"

நீதிக்கதைகளில் வரும் முயலாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு தந்திரம் செய்து, சிறுத்தையைக் கிணற்றடிக்கு அழைத்துப் போயிருக்கும். பூங்காவனத்துக்குக் குட்டிகள் இருந்தன. அந்தக் காட்டில் கிணறும் இல்லை. அவள் மேட்டுக்குப் போய், "கருவியில ஏதோ கோளாறுக்கா, தப்பாக் கேட்டுட்டேன்" என்று சொன்னாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொர்ணம் அவளை நக்கிக் கொடுத்தாள். "பயந்துட்டியா? போய்ப் படு."

அடுத்த வாரம் பட்டப்பகலில் அது நடந்தது. சொர்ணம் மேட்டில் மேய்ந்துகொண்டிருந்தாள். பூங்காவனம் கொஞ்சம் தள்ளி, இணைச் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்பக்கம் சருகு நொறுங்குவது அவளுக்குத்தான் முதலில் கேட்டது. கனமான, அவசரமில்லாத நடை. கூப்பிட்டால் சொர்ணத்துக்குக் கேட்காது. ஆனால் முயல்கள் ஆபத்தென்றால் பின்னங்காலால் தரையை அடிக்கும். அந்த அதிர்வு மானின் குளம்புக்குத் தெரியும். அதற்குக் காது தேவையில்லை. பூங்காவனம் காலைத் தூக்கினாள். அந்தப் பக்கம் மரத்தடியில் நின்றிருந்த வைகுண்டம் அவளுக்கு வணக்கம் சொன்னார். அவள் காலை, சத்தம் வராமல், மெதுவாகக் கீழே வைத்தாள்.

சொர்ணம் ஒருமுறை அலறினாள். கருவி தன் வேலையைச் சரியாகச் செய்தது. தூரத்தில் யாரோ கூப்பிட்டதுபோல்தான் கேட்டது.

இரங்கல் கூட்டத்தில் தலைவர் பேச வரவில்லை. அவருக்கு வயிறு சரியில்லை என்றார்கள். வைகுண்டம் துண்டால் கண்ணைத் துடைத்தபடி, சொர்ணத்தின் பெயரில் ஒரு கோப்பை அறிவித்தார். கரடி மாஸ்டர் எதற்குக் கூட்டம் என்று தெரியாமலேயே கைதட்டினார். நன்றியுரை சொன்னது பூங்காவனம். சுருக்கமாக, கணீரென்று பேசினாள். கேட்டவர்கள் யாரும் இல்லையென்றாலும் எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள்.

நீதி: காதுக்குள் வைக்கும் கருவி வாங்கப் போகிறவர்கள் முனை பொருந்துகிறதா என்று மாட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். சரியாகப் பொருந்தாவிட்டால் துப்பாக்கிச் சத்தம் மட்டுமல்ல, மனசாட்சியும் கேட்டுத் தொலைக்கும்.